குலத்தொழில் பட்டியலில் இல்லாத வேலை

திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன்பே வந்து நிற்கும் பழைய ஆம்னி வண்டிகளின் அடிப்பக்கத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். கீரைக்கட்டிலிருந்து வடிந்த தண்ணீர், காய்கறி மூட்டையின் ஈரம், தெருச்சேறு எல்லாம் சேர்ந்து தரைத் தகட்டைத் தின்றிருக்கும். உப்பு மூட்டையோ கருவாட்டுக் கூடையோ ஏற்றும் வண்டி என்றால் இன்னும் மோசம். கதவின் கீழ் ஓரத்திலும் சக்கர வளைவிலும் பெயிண்ட் கொப்பளித்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும்.

அந்த வண்டிகளை வைத்துப் பிழைப்பவர்கள் பெருமுதலாளிகள் இல்லை. தெருத்தெருவாகக் காய் விற்பவர்கள், சின்னக் கடைக்காரர்கள், வாடகைக்குச் சரக்கு அடிப்பவர்கள். ஆம்னி தயாரிப்பை மாருதி நிறுவனம் 2019இல் நிறுத்திவிட்டது. பதிவாகி 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாய் ஆனது. கட்டணம் கட்டினால் மட்டும் போதாது, வண்டி ஆய்விலும் தேற வேண்டும். பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் புது வண்டி வாங்கும்போது சலுகை உண்டு என்கிறது 2021இல் வந்த வாகன உடைப்புக் கொள்கை. புது வண்டி வாங்க முடிந்தவருக்குத்தான் அது சலுகை. காய் விற்பவருக்குத் தரையில் விழுந்த ஓட்டையை அடைத்தால்தான் அடுத்த 5 ஆண்டுச் சோறு.

அந்த ஓட்டையை அடைக்கும் வேலைக்கு நம் ஊரில் டிங்கரிங் என்று பெயர். மாணவத் தோழர்களே, இளம் செயல்பாட்டாளர்களே, இந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறோம். ஏன் என்பதற்கு முன்னால், வேலை என்னவென்று சொல்லிவிடுகிறோம். வேலையைத் தெரியாமல் உழைப்பைப் போற்றிப் பேசும் மேடைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஒரு பழைய ஆம்னி உண்டு. புத்தக மூட்டை, ஒலிபெருக்கி, மாலை வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான். மழைக்காலம் முடிந்ததும் அதன் தரை வழியாகத் தார்ச்சாலை தெரிந்தது. பட்டறையில் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மார்க்கெட் பக்கம் 30 ஆண்டுகளாக டிங்கரிங் பார்க்கும் அண்ணன் ஒருவர், "ஞாயித்துக்கிழமை வீட்டுப் பக்கம் வர்றேன். நீங்களே செய்யுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார். காலனித் தெருவில், வாசலிலேயே, நான்கு ஞாயிறுகளில் முடித்தோம்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். கேஸ் சிலிண்டர் பொருத்திய வண்டி என்றால் சிலிண்டரை விவரம் தெரிந்தவரை வைத்து இறக்க வேண்டும். ஆம்னியில் பெட்ரோல் டேங்க் தரைக்குக் கீழே இருக்கிறது. அதை இறக்காமல் தரையில் வெல்டிங் வைப்பது தற்கொலைக்குச் சமம். சீட்டையும் தரைவிரிப்பையும் எடுத்த பிறகுதான் உண்மையான சேதம் தெரியும். அண்ணன் ஒரு சின்னச் சுத்தியலால் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். நல்ல தகடு கணீர் என்று பதில் சொல்லும். துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். சத்தம் மாறும் இடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார். கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை உள்ளங்கை அளவு. கோட்டுக்குள் வந்தது ஒரு முறத்தின் அளவு.

கோட்டுக்குள் இருந்ததை வெட்டி எடுத்தோம். மிச்சத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்தோம். எங்களில் ஒருவன் பொறுமை இழந்து, "மேல பட்டி பூசிட்டா தெரியாதே அண்ணே" என்றான். அண்ணன் சிரித்தார். "பட்டி பூசுறது ரெண்டு மணி நேர வேலை தம்பி. துருவை எடுக்கறதுதான் ரெண்டு நாள் வேலை. ரெண்டு நாள் வேலையச் செய்யாம ரெண்டு மணி நேர வேலைக்குக் காசு வாங்குனா அடுத்த மழையில வண்டி உன்னத் தேடி வரும்."

அவர் சொன்னதன் வேதியியல் எளிது. இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் மேலே பூசிய பட்டியையும் பெயிண்டையும் உள்ளிருந்தே தள்ளி உடைக்கிறது. போதாததற்குப் பட்டி ஈரத்தை உறிஞ்சும். எனவே வெறும் பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கக் கூடாது. பிரைமர் அடித்த பிறகுதான் வாட்டர் பேப்பர் தண்ணீரைத் தொடலாம்.

புதுத் தகடு 20 கேஜ். வெட்டிய இடத்தைவிட ஓரங்களில் சற்றுப் பெரிதாக வெட்டி, வளைவுக்குத் தட்டிப் பொருத்தினோம். வெல்டிங் மட்டும் அண்ணன் வைத்தார். ஒரே ஓட்டமாக வைத்தால் சூட்டில் தகடு நெளியும் என்பதால், இங்கொரு பொட்டு அங்கொரு பொட்டாக வைத்துப் பிறகு இடைவெளிகளை இணைத்தார். பிறகு ரெட் ஆக்சைடு, இணைப்புகளில் சீலர், அடியில் கறுப்புப் பூச்சு. கடைசியாக ஒரு கம்பியை எடுத்து, கதவுகளின் அடியில் தண்ணீர் வடிவதற்காக உள்ள சின்னத் துளைகளைக் குத்திவிட்டார். சேறு அடைத்துக் கிடந்தது. துருவுக்குக் காரணமே அதுதான். நோய்க்கு மருந்து போட்டுவிட்டுக் காரணத்தை அப்படியே விடுவது அரைவேலை.

இதில் ஒரு பொருளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேய்த்தும் போகாத நுண்ணிய குழிகளில் ஒரு திரவம் தடவினோம். கொஞ்ச நேரத்தில் செம்பழுப்புத் துரு கறுப்பாக மாறி இறுகியது. துருவை மாற்றும் மருந்து என்று கடையில் புட்டியில் விற்கிறார்கள். இத்தகைய மருந்துகள் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் இருக்கும் துவர்ப்பும் அந்த வகைதான். அந்தத் துவர்ப்பைக் கொண்டுதான் நம் பாட்டன்மார் தோல் பதனிட்டார்கள். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு வரும் என்பது கலம்காரித் துணிக்கு நிறம் ஏற்றியவர்களுக்கும் தெரிந்ததே. திருச்சி செம்பட்டு, திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் வளர்ந்த இடங்களில் எல்லாம் அந்த வேதியியல் தெரிந்த கைகள் இருந்தன. புட்டியில் அடைத்தால் அதற்குப் பெயர் தொழில்நுட்பம். நம் தொட்டியில் இருந்தபோது அதற்குப் பெயர் தீட்டு. பொருள் ஒன்றுதான், தொட்ட கையைப் பார்த்து மதிப்புப் போட்டது சாதி.

இனி ஏன் என்பதற்கு வருகிறோம்.

இந்த மார்க்கெட்டுக்குப் பெயர் தந்த காந்தி, 1936இல் 'ஹரிஜன்' இதழில் அம்பேத்கருக்குப் பதில் எழுதும்போது, அவரவர் முன்னோர் தொழிலைச் செய்து பிழைப்பதே வருண நெறி என்றார். எல்லாத் தொழிலும் சமமதிப்பு உடையவை என்றும் சேர்த்தே சொன்னார். புரட்சியாளர் அம்பேத்கர் விடவில்லை. வணிகச் சாதியில் பிறந்த காந்தியின் முன்னோரே வணிகத்தை விட்டு அரசு நிர்வாகத்துக்குப் போனதையும், காந்தியே சட்டத் தொழிலைத் தேர்ந்ததையும் எடுத்துக்காட்டினார். தங்களுக்குத் தேர்வு, நமக்குப் பரம்பரை. அவர்களுடைய சமமதிப்பின் அளவு அவ்வளவுதான்.

அந்தச் சிந்தனை காந்தியோடு முடியவில்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்னது. தமிழ்நாடு அதைக் குலக்கல்வி என்று சரியாகவே பெயரிட்டு எதிர்த்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். 70 ஆண்டு கழித்து, 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள். தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், சலவைத் தொழிலாளர் என்று நீளும் பட்டியல். பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய், 5 விழுக்காடு வட்டியில் முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன். உதவி நல்லதுதான். ஆனால் அது தேடியது குடும்ப வழியில் வந்த தொழிலை. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கக் கோரிய தமிழ்நாடு அரசு, இப்போதைய வடிவில் இதைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் தெரிவித்தது. 2025இல், குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லாமல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பிறப்பைக் கேட்காமல் திறனைக் கேட்பது சரியான திசை.

அந்த 18 தொழில்களின் பட்டியலை மறுபடியும் பாருங்கள். டிங்கரிங் அதில் இல்லை. வெல்டிங் இல்லை. மோட்டார் பெயிண்டிங் இல்லை. ஏன் இருக்கும்? கார் வந்த பிறகு பிறந்த தொழில் இது. எந்த மனுவும் இதை எந்தக் குலத்துக்கும் எழுதிவைக்கவில்லை. இதற்குப் புராணம் இல்லை, குலதெய்வம் இல்லை, தலைமுறைக் கதை இல்லை. மார்க்கெட்டைச் சுற்றியுள்ள பட்டறைகளில் இந்த வேலையைக் கற்றவர்கள் அப்பாவிடமிருந்து கற்றவர்கள் இல்லை. அறிமுகமே இல்லாத ஓர் உஸ்தாதிடமிருந்து, ஓர் அண்ணனிடமிருந்து கற்றவர்கள். முஸ்லிம், கிறித்தவர், தலித், பிற சாதியார் என்று எல்லாரும் ஒரே ஜாக்கியின் கீழ் படுத்தார்கள். பரம்பரைப் பெருமை இல்லாததால்தான் அரசின் பட்டியலுக்கு இது கைவினையாகப் படவில்லை. பரம்பரை இல்லாததால்தான் நமக்கு இது வேண்டும் என்கிறோம்.

கருவிகளுக்கும் நமக்கும் இடையே யார் நின்றார்கள் என்பதை வரலாறு சொல்லும். 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். நம் மக்கள் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே காலம் தள்ளுவதையும், பணிமனைகளில் கூலி நிலைக்கு மேலே ஏற முடியாததையும், ஆலைகளில் நெசவுப் பிரிவு நமக்கு அடைக்கப்பட்டிருந்ததையும் அடுக்கினார். ஆலை என்றால் இயந்திரம், இயந்திரத்துக்குச் சாதி கிடையாது என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. இயந்திரத்துக்குச் சாதி இல்லாமல் இருக்கலாம். அதன் கைப்பிடியை யாரிடம் கொடுப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு இருந்தது. அதனால்தான் 1942இல் வைஸ்ராயிடம் அளித்த மனுவில் பட்டியல் சாதி மாணவர்களின் அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டார் அம்பேத்கர். கருவியைக் கையாளும் அறிவு வெறும் பிழைப்புச் சிக்கல் இல்லை, உரிமைச் சிக்கல் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அதை முதலில் கேட்பது நம் அம்மாக்கள்தான். "கையில கறை படாத வேலைக்குப் போகணும்னுதானே உன்னப் படிக்க வச்சேன்? மறுபடியும் சுத்தியலத் தூக்கவா?" இந்தக் கேள்வியின் வலியை நாங்கள் மதிக்கிறோம். வரப்பிலும் சாக்கடையிலும் முதுகு ஒடிந்த தலைமுறை, பிள்ளையின் கையைச் சுத்தமாகப் பார்க்க ஆசைப்படுவதில் பிழை எதுவும் இல்லை. படிப்பை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போ என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை; அப்படிச் சொல்பவர்களோடு சண்டை போடுவோம். படிக்கும் பிள்ளை கருவியையும் பிடிக்கட்டும் என்கிறோம். கையால் செய்யும் வேலை இழிவு, உட்கார்ந்து செய்யும் வேலை உயர்வு என்ற தரவரிசையை உண்டாக்கியது நாம் இல்லை. அந்தத் தரவரிசையை வெறுத்துக்கொண்டே, பட்டம் வாங்கியதும் அதன் மேல்படியில் ஏறி நின்று கீழே பார்க்கும் பழக்கம் நமக்கும் வருகிறது. பட்டறை அண்ணனிடம் ஒருமையில் பேசும் பட்டதாரித் தம்பியை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இதே வேலைக்கு வேறோர் இடத்தில் வேறு பெயர் கிடைப்பதையும் கவனியுங்கள். வசதியான ஒருவர் தன் வீட்டுப் போர்டிகோவில் பழைய அம்பாசிடரை நிறுத்தித் துரு சுரண்டினால் அது பொழுதுபோக்கு, ரசனை, பாரம்பரியத்தைக் காப்பது. படம் எடுத்துப் போட்டால் ஆயிரம் பேர் பாராட்டுவார்கள். காலனித் தெருவில் போர்டிகோ கிடையாது. வண்டியை வாசலில் நிறுத்தி ஜாக்கி வைத்தால் அது ஆக்கிரமிப்பு, இரைச்சல், "இவனுங்க ஏரியாவே இப்படித்தான்". வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று சொல்வதற்கு வீட்டைச் சுற்றி இடம் வேண்டும். அந்த இடம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பது நிலத்தின் வரலாறு. அது நமக்குத் தெரியும்.

தொழிலுக்குச் சாதி இல்லை என்பதால் தொழிலில் சுரண்டல் இல்லை என்று ஆகிவிடாது. "தொழில் கத்துக்க வந்திருக்கான்" என்ற ஒரு வாக்கியத்தின் பின்னால் ஆண்டுக்கணக்கில் கூலி இல்லாத உழைப்பு மறைந்துகிடக்கிறது. டீ வாங்கி வருவதும் உப்புத்தாள் தேய்ப்பதுமாகவே ஒரு பையனின் பதின்பருவம் போய்விடுகிறது. உடம்பும் போகிறது. பழைய பெயிண்டைத் தேய்க்கும் தூசியில் காரீயம் இருக்கலாம். பட்டித் தூசி நுரையீரலில் படியும். துத்தநாகம் பூசிய தகட்டை அப்படியே வெல்டிங் வைத்தால் அந்தப் புகை அன்று இரவே குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். ஹார்ட்னர் கலந்து தெளிக்கும் டூ-கே பெயிண்டில் உள்ள ஐசோசயனேட், ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. கைக்குட்டை அதைத் தடுக்காது, தூசிக்கான முகக்கவசமும் தடுக்காது. அதை வீட்டில் தெளிக்கவே கூடாது. நாங்கள் சாதாரணப் பூச்சைப் பிரஷ்ஷால்தான் பூசினோம். அழகு குறைந்தது, மூச்சு மிஞ்சியது.

ஆகவே தோழர்களிடம் நாங்கள் கேட்பது சில திட்டவட்டமான வேலைகளை.

உங்கள் பகுதியில் டிங்கரிங், வெல்டிங், பெயிண்டிங் பார்ப்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கும் தமிழ்நாட்டில் தனி நலவாரியம் இருக்கிறது. பல பட்டறைப் பையன்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உட்கார்ந்து பதிவு செய்துகொடுங்கள். படிவம் நிரப்பத் தெரிந்த நம் படிப்புக்கு இதைவிட நல்ல பயன் இல்லை.

தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பாடப்பிரிவுகளில் வாகன உடற்பகுதிப் பழுதுபார்ப்பும் வாகனப் பெயிண்டிங்கும் ஓராண்டுப் படிப்புகளாக இருக்கின்றன. உங்கள் மாவட்ட நிலையத்தில் அவை நடக்கின்றனவா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் மனுவோடு போங்கள். 20 ஆண்டு அனுபவம் உள்ளவரின் திறனைச் சோதித்துச் சான்று தரும் முறையும் ஒன்றிய அரசின் திறன் திட்டத்தில் உண்டு. சான்று இல்லாத கைக்கு வங்கியில் கடன் எளிதில் கிடைப்பதில்லை.

படிப்பு வட்டங்களில் மாதம் ஒரு ஞாயிறு கருவிக்கு ஒதுக்குங்கள். பெண் தோழர்கள் கையில் சுத்தியலும் கிரைண்டரும் முதலில் போகட்டும். பட்டறை எல்லாச் சாதிக்கும் திறந்தது என்று இத்தனை பேசினோமே, பெண்களுக்கு இன்னும் திறக்கவில்லை. கற்றுத்தரும் அண்ணனுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். கருத்தரங்கில் பேச வருபவருக்கு மேடையில் உறையில் பணம் வைத்துத் தருகிறோம். கற்றுக்கொடுக்கும் டிங்கருக்கு டீயோடு முடித்துக்கொள்வது நம் அரசியலுக்கு இழுக்கு. நாங்கள் கொடுத்தபோது அவர் முதலில் மறுத்தார். "பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததுக்கு என்னப்பா காசு?" என்றார். ஆசிரியருக்குக் கொடுப்பதுதான் அண்ணே என்று சொல்லிக் கையில் வைத்தோம்.

அந்த ஆம்னி இப்போது ஓடுகிறது. அடுத்த மழை வரும். கதவுத் துளைகளை அதற்கு முன் ஒருமுறை குத்திவிட வேண்டும். எங்கள் மாலை வகுப்பில் 9ஆம் வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளைகள் இருவர், அந்த வேலை தங்களுடையது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள்.